காலால் வரையும் ஓவியம்



தாளும் தூரிகையும் இல்லாமல் ஓவியம் வரைய முடியுமா? "அது எப்படிங்க?" என்பீர்கள். காலால் வரையலாம்!

ஜி.பி.எஸ். துணைக்கோளங்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றில் நான்கின் சமிக்ஞை கிடைத்தால் போதும், நாம் நிற்கும் இடத்தைக் கைப்பேசி கணித்துவிடும். நடக்க நடக்கப் புள்ளிகள் கோடாகும். ஜப்பானியரான யசுஷி தகாஹாஷி 2008-இல் புறப்பட்டு, தம் நாட்டின் குறுக்கே 7,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, 'என்னை மணந்துகொள்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். காதலிக்காகத்தான்!

நமக்கு இது புதிதா? புள்ளி வைத்துக் கோலம் போட்ட பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் நாம். விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தாத்தா, மரத்துக்கு மரம், நிரைக்கு நிரை நடந்து தினமும் ஒரு கோடு போட்டார். அதைப் பதிய அன்று கருவி இல்லை. குருபோங்கில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டையும் எழுந்துவிட்டன. தோட்டத்துப் பழைய தடங்கள் மறைந்துகொண்டே வருகின்றன. ஆனால், அந்தத் தடம் தெரிந்த பெரியவர்கள் சிலர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

பிள்ளைகளே, வருகிற விடுமுறையில் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடங்க. "லயம் எங்கே இருந்துச்சு? பெரட்டுக் களம் எது? ஆயாக்கொட்டகை எந்தப் பக்கம்?" என்று கேளுங்க. கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். கண் சாலையில் இருக்கட்டும். கோடு கோணலாக வந்தால் என்ன? அது உங்கள் குடும்பம் நடந்த வழி. நாளைக்குக் கேட்கலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.