எரிகோவின் மதிலும் மில்வாக்கியின் வாக்கும்

2020 டிசம்பர் 12 அன்று வாஷிங்டனில் ‘எரிகோ பேரணி’ நடந்தது. டிரம்ப் தோற்கவில்லை, கடவுள் எங்கள் பக்கம் என்று கொம்பு ஊதி ஜெபித்தார்கள். அவருடைய முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் ஃபிளின் மேடையேறினார். யோசுவாவின் படை சுற்றிவர எரிகோவின் மதில் விழுந்ததே, அந்தக் கதைதான் பேரணிக்குப் பெயர்.

அந்தக் கதையைப் பாட்டாக்கி நெஞ்சில் வைத்திருந்தவர்கள் அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பர்கள். நமக்குக் கோபம் வருவது இங்கேதான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வாக்கை அழிக்க அவர்களுடைய கதையையே எடுத்துக்கொண்டார்கள்.

விஸ்கான்சினில் டிரம்ப் சுமார் 20,600 வாக்குகளில் தோற்றார். 72 மாவட்டங்களில் இரண்டில் மட்டும் மறு எண்ணிக்கை கேட்டார்கள். ஒன்று மில்வாக்கி, அம்மாநிலக் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வாழும் இடம். பணம் கட்டி எண்ணியதில் பைடனுக்கு 87 வாக்குகள் கூடின. (2016இல் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் தோற்றதும் 87இல்தான். நாம் எந்தத் தெய்வத்தையும் சாட்சிக்கு இழுக்கவில்லை.)

பிறகு அவ்விரு மாவட்டங்களில் மட்டும் 2,20,000க்கும் மேற்பட்ட வாக்குகளைத் தள்ளச் சொன்னார்கள். அதே முறையில் மற்ற மாவட்டங்களில் பதிவான வாக்குகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. டிசம்பர் 14 அன்று மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. நீதிபதிகள் நான்கு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம்.