தொப்பையும் சாட்சி சொல்லும்: தலைமை உரை



டிபி, டெங்கு, சர்க்கரை என்று மும்பை தாராவியில் நோய்க்கா பஞ்சம்? உறுப்புகளில் அமிலாய்டு படியும் அரிய நோயைப் பேச இங்கே ஏன் கூட வேண்டும் என்று கேட்பீர்கள். நோய் அரிதுதான், அதற்கு வாசல் திறந்துவிடும் காரணங்கள் இங்கே அரிதல்ல.

அயோடின் பட்டதும் நிறம் மாறியதால், 1854-இல் ஜெர்மன் நோயியலாளர் விர்ச்சோ இந்நோயின் படிவை மாவுப்பொருள் என்று எண்ணி அமிலாய்டு என்றார். அது புரதம் என்பது பின்னால் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. உடலில் அழற்சி ஓயாமல் நீடித்தால், கல்லீரல் சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அதன் துண்டுகள் தவறாக மடிந்து, நாராகத் திரிந்து சிறுநீரகத்தில் படியும். சல்லடை பழுதாகி ஆல்புமின் ஒழுகும். சிறுநீரில் நுரை, காலில் வீக்கம்.

இவ்வகை அமிலாய்டுக்குக் காரணமாக மேலைநாடுகளில் முடக்குவாதம் முன்னே நிற்கும். நம் நாட்டில் முன்னே நிற்பது காசநோய். ஆறாப் புண்ணோடு வாழ்ந்த தொழுநோயாளிகளிடமும் இது காணப்பட்டது. 1890-இல் மாட்டுங்காவில் தொழுநோயாளருக்கு இல்லம் எழுந்த வட்டாரம் இது. அந்த இல்லம் ஆக்வொர்த் மருத்துவமனை என்ற பெயரில் வடாலாவில் இன்றும் இருக்கிறது.

இப்போது வரிசையில் புதிதாக வந்து நிற்பது உடற்பருமன். வேறு காரணம் எதுவும் பிடிபடாத நோயாளிகளில் பலர் பருமனாக இருந்ததை ஜெர்மனியின் ஹைடல்பர்க் மருத்துவர்கள் எழுதினார்கள். கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டையல்ல. இன்டர்லூகின்-6 சுரந்து கல்லீரலைத் தூண்டுகிறது. சீரம் அமிலாய்டு ஏ-யைத் தானும் உண்டாக்குகிறது. ஆனால் பருமனானவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை. ஆகவே பருமன் துணைக் குற்றவாளியா, உடனிருந்தவரா என்பதை நிதானமாகவே தீர்க்க வேண்டும்.

அதிலும் யாரைப் பருமன் என்கிறோம்? புனே கே.இ.எம். மருத்துவமனையின் யாஜ்னிக்கும் லண்டன் நண்பர் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் உடலையே சான்றாக வைத்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. எடை மெஷினை மட்டும் நம்பினால் நம் ஆட்களைக் கோட்டைவிடுவோம். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்பளவைத் தாண்டுகிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள்.

இப்படியொருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு டிபி வந்து தேறியவர். இப்போது நாளெல்லாம் தையல் மெஷின். கை கால் மெலிவு, வயிறு மட்டும் முன்னால். மாலையில் செருப்பு வார் காலில் பதிகிறது. "உக்காந்தே இருக்கேன்ல, அதான் வீங்குது டாக்டர்" என்பார். அவரே சொன்ன காரணத்தோடு அனுப்பிவிடாமல், புரதம் காட்டும் ஒரு பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்தால் என்ன?

சந்தேகம் வலுத்தால் தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டுக் கொழுப்பை எடுப்போம். காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, முனைவுற்ற ஒளியில் பார்த்தால் படிவு ஆப்பிள் பச்சையாக மின்னும். நாம் சந்தேகிக்கும் கொழுப்பே சாட்சிக் கூண்டிலும் ஏறுகிறது. சாட்சி மௌனம் சாதித்தால் வழக்கு முடிந்ததென்று விடாமல், சிறுநீரகத் திசுவையும் பார்க்க வேண்டும்.

பழைய டிபியும் புதிய தொப்பையும் ஒரே உடலில் சேர்ந்தால் அபாயம் கூடுகிறதா? இடுப்பு குறைந்தால் சீரம் அமிலாய்டு ஏ-யும் படிவும் குறையுமா? இவை இரண்டும் இன்றைய அமர்வுகளுக்கு நான் வைக்கும் கேள்விகள். விடை தேட ஹைடல்பர்க் போக வேண்டாம். ஒரு டேப்பும் ஒரு பட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த சந்துக்குள் நுழைந்தால் போதும்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.