பழைய லாரியும் பக்கத்து ஆசனமும்

(சங்ககிரி வட்டாரத்தில் லாரித் தொழிலாளர் கூட்டமொன்றில் முதிய டிரைவர்கள் சார்பில் ஆற்றிய உரை)



ஆலையில் ஷிப்டு முடித்து வந்திருக்கிறீர்கள். காட்டு வேலை முடித்துக் கை கால் கழுவிவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை எங்களுக்காக ஒதுக்கியிருக்கிறீர்கள். தூக்கத்தின் விலை தெரிந்தவர்கள் நாங்கள். ஆகவே அதை வீணாக்க மாட்டோம்.

சென்ற ஆயுத பூசையன்று ஒரு பட்டறை வாசலில் பழைய டாட்டா பென்ஸ் லாரி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். முன்னால் மூக்கு நீண்ட லாரி. புதுச் சாயம் அடித்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். இளம் பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். எங்களைக் கண்டதும், "தாத்தா, அந்தக் காலத்து லாரியும் அந்தக் காலத்து ஓட்டமும் இனி வருமா?" என்று கேட்டார்கள். நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. கையை நீட்டி அந்த ஸ்டியரிங்கைத் தொட்டோம். எங்களில் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளின் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறோம். அதன் மேல் எங்களுக்குள்ள பாசம் பொய்யல்ல.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பட்டாளம் கழித்துவிட்ட செவர்லே, போர்டு லாரிகளை ஏலத்தில் எடுத்து ஓட்டினார்கள் என்று எங்களுக்கு மூத்த டிரைவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் இஞ்சின் உயிர் பெறும். அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். பிறகு நம் நாட்டிலேயே லாரி செய்யத் தொடங்கினார்கள். 1948-இல் அமைந்த அசோக் மோட்டார்ஸ் கம்பெனி 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. எண்ணூரிலிருந்து காமெட் லாரிகள் புறப்பட்டன. 1954-இல் டாட்டாவின் டெல்கோ கம்பெனி ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. 1969-இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. முகப்பிலிருந்த நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. எழுத்து மாறினாலும் எங்கள் வாயில் அது கடைசிவரை 'பென்ஸ்'தான்.

ஜாம்ஷெட்பூரிலிருந்து அந்த வண்டி எப்படி வரும், தெரியுமா? கூரை கிடையாது, கதவு கிடையாது, முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. இஞ்சினும் சட்டமும் சக்கரமும் மட்டும். அந்தச் சட்டத்தின் மேல் ஒரு மரப்பெட்டியைக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் நாள்கணக்கில் ஓட்டிக்கொண்டு வருவான் ஒரு டிரைவர். இங்கே வந்தபிறகுதான் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் ஆசாரிகள் மரம் இழைத்துப் பாடி கட்டுவார்கள். வடக்கே ஒரு தொழிலாளி வார்த்த இரும்பு. தெற்கே ஒரு தொழிலாளி இழைத்த மரம். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த லாரி. அதற்கு நாங்கள் மாலை போடாமல் வேறு யார் போடுவது?

அதை ஓட்டுவது மல்யுத்தம். இன்றைய வண்டியில் இரண்டு விரலால் திருப்புகிறார்கள். அன்று தோளும் மார்பும் சேர்ந்து திருப்ப வேண்டும். கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும். இஞ்சினின் சத்தத்தைக் காதால் அளந்து போட வேண்டும். தவறினால் பல் அரைபடும். தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது கிளீனர் கையில் மரக்கட்டையுடன் பின்சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து வருவான். வண்டி பின்வாங்கினால் ஒரே நொடியில் கட்டையைப் போட வேண்டும். மூன்று பேரின் உயிரும் ஒரு முதலாளியின் சொத்தும் அந்தக் கட்டையில் நிற்கும்.

தோழர்களே, மூன்று பேர் என்றோம். கவனியுங்கள். தூரத்து ஓட்டமென்றால் ஒரு லாரிக்கு இரண்டு டிரைவர், ஒரு கிளீனர். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கும் ஆமதாபாத்துக்கும் போனோம். திரும்பும்போது கோயமுத்தூர் மில்களுக்குப் பஞ்சுப் பேல் ஏற்றி வந்தோம். நீங்கள் நூற்ற பஞ்சு அது. போய்த் திரும்ப இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் பின்பலகையில் தூங்குவார். கிளீனர்ப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, முழிச்சுக்கிட்டுத்தானுங்க இருக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வருவான். வழியில் ஓர் ஏரிக்கரையில் நிறுத்தி, மூன்று கல் கூட்டிச் சோறு பொங்குவோம். கட்டுச்சோறு தீர்ந்துபோன ஊரில் பஞ்சாபிக்காரர் ரொட்டி போடுவார், மொழி தெரியாது, கையைக் காட்டினால் இன்னொரு ரொட்டி விழும். வண்டி நின்றுபோனால், எதிரே வரும் லாரி எந்த மாநிலத்து லாரியானாலும் நிற்கும். கேட்காமலே ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள்.

இதைத்தான் நாங்கள் இழந்தோம். இதற்குத்தான் கண் கலங்கினோம்.

ஆனால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குவது நம் வழக்கமல்ல. 'பொற்காலம்' என்று சொல்லிச் சொல்லியே மறைத்துவிடுகிற மற்றப் பாதியையும் கேளுங்கள்.

அந்தக் கிளீனர்ப் பையனுக்கு வயது எத்தனை? எங்களில் பலர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் லாரி ஏறியவர்கள். வானம் பொய்த்தது, கிணறு வற்றியது, வீட்டில் வாய் அதிகம். "லாரியில் போனால் சோறாவது கிடைக்கும்" என்று அப்பன் ஏற்றிவிட்டான். சோறுதான் கிடைத்தது. சம்பளம் என்று ஒன்று பல வருஷம் கண்ணில் படவில்லை. தவறு செய்தால் ஸ்பானரால் அடி. இரவில் தார்ப்பாயின் மேல் படுக்கை. 1975-இல் நேஷனல் பர்மிட் திட்டம் வருவதற்குமுன் மாநிலத்துக்கு மாநிலம் பர்மிட் தொல்லை; எல்லையில் நாள்கணக்கில் காவல்; செக்போஸ்டுக்குச் செக்போஸ்டு மாமூல். அந்த மாமூல் பல சமயம் எங்கள் பேட்டாவிலிருந்துதான் போகும். வீட்டில் பிள்ளை பிறந்தது ஊர் திரும்பிய பிறகு தெரியும். அப்பா செத்ததும் ஊர் திரும்பிய பிறகு தெரியும்.

ஆகவே அந்தக் காலம் அப்படியே திரும்பி வர வேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. எந்தப் பையனும் பள்ளிக்கூடத்தை விட்டு லாரி ஏறக் கூடாது. கையை முறிக்கும் ஸ்டியரிங் வேண்டாம். பிரேக் பிடிக்காத வண்டி வேண்டாம். இயந்திரம் வளர்ந்தது நல்லதே. ஸ்டியரிங் லேசாயிற்று. சாலை அகலமாயிற்று. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில எல்லைகளில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2025 அக்டோபர் முதல் செய்யப்படும் புதிய கனரக லாரிகளின் கேபினில் ஏர்கண்டிஷன் கட்டாயம் என்றும் விதி வந்திருக்கிறது. இஞ்சின் சூட்டில் வெந்த நாங்கள் இதை வரவேற்கிறோம்.

எங்கள் கேள்வி ஒன்றே ஒன்று. இயந்திரம் மிச்சப்படுத்திய நேரம் யார் கைக்குப் போயிற்று?

மூன்று வாரத்து ஓட்டம் ஒரு வாரமாயிற்று என்றால், மிச்சமான இரண்டு வாரம் டிரைவரின் வீட்டுக்குப் போயிற்றா? இல்லை. அடுத்த லோடுக்குப் போயிற்று. வண்டிக் கடனின் தவணைக்குப் போயிற்று. முதலில் கிளீனரை இறக்கிவிட்டார்கள். பிறகு இரண்டாவது டிரைவரை இறக்கிவிட்டார்கள். மூன்று பேர் போன வண்டியில் இன்று ஒருவன் போகிறான். 'வேலை லேசாகிவிட்டதே, ஒருவன் போதாதா?' என்கிறார்கள். ஸ்டியரிங் லேசாகலாம் தோழர்களே. கண் இமை லேசாகுமா?

2018-ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அந்த ஜூலையில் லாரிகளின் பாரத்தை மத்திய அரசு உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்றிருந்த விதியையும் அதே ஆண்டில் எடுத்துவிட்டார்கள். பாரத்தைக் கூட்டினார்கள்; ஆளைக் குறைத்தார்கள். இரண்டும் ஒரே ஆண்டு!

சட்டம் இல்லையா என்பீர்கள். இருந்தது. 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நெடுந்தூர ஓட்டமானால் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம் என்றது. ஆனால் ஐந்து தொழிலாளிகளாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்களிடம்தான் நம் டிரைவர்களில் பெரும்பாலோர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு அது ஏட்டுச் சுரைக்காய். 2020-இல் நிறைவேற்றி, 2025 நவம்பரில் நடைமுறைப்படுத்திய புதிய சட்டத்தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தை விழுங்கிற்று. ஐந்து என்பது பத்தாயிற்று. கதவு இன்னும் குறுகிற்று.

ஆலைத் தோழர்களே! உங்களுக்குச் சங்கு ஊதுகிறது. அந்தச் சங்கு சும்மா வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எட்டு மணி நேரத்துக்காக உங்கள் பாட்டன்மார் பட்ட பாடு எவ்வளவு! லாரிக்குச் சங்கு கிடையாது. இன்று வண்டியில் ஒரு சிறு கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம் போகிறது என்று முதலாளிக்குச் சொல்லிவிடும். பத்து நிமிஷம் நின்றால் போன் வரும், "ஏன் நின்றாய்?" என்று. டிரைவர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்று கேட்டு ஒரு நாளும் போன் வருவதில்லை.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். பெயர் வேண்டாம்; அவன் தாய் இன்னும் களை வெட்டப் போகிறாள். மகாராஷ்டிரத்திலிருந்து பஞ்சு ஏற்றிக்கொண்டு தனியாக வந்தான். மறுநாள் காலைக்குள் இறக்கியாக வேண்டும் என்று நெருக்கடி. விடியற்காலம் நாலு மணி. வீட்டுக்கு இன்னும் மூன்று மணி நேர ஓட்டம். சாலையோரம் நின்றிருந்த வண்டியில் மோதினான். பிரேக் பிடித்த தடமே சாலையில் இல்லை. வண்டி புதியது. பிரேக் நல்ல பிரேக். ஸ்டியரிங் பூப்போன்ற ஸ்டியரிங். எல்லாம் இருந்தது. "அண்ணா, முழிச்சுக்கிட்டுத்தானுங்க இருக்கறீங்க?" என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

விபத்து நடந்தால் டிரைவர் ஓடிவிடுகிறான் என்று பழி சொல்கிறார்கள். புதிய தண்டனைச் சட்டத்தில், தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டுவரை சிறை என்று எழுதினார்கள். 2024 ஜனவரி முதல் நாளில் வடநாட்டு டிரைவர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள். அதன் பிறகு அந்த உட்பிரிவை அரசு நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையில் சட்டம் அமலுக்கு வந்தபோது அது மட்டும் அமலாகவில்லை. அடிபட்டவனை விட்டு ஓடுவதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அன்று மூன்று பேர் இருந்தோம். ஒருவர் அடிபட்டவரைத் தூக்கினார், ஒருவர் போலீசுக்கு ஓடினார், ஒருவர் கூட்டத்துக்குப் பதில் சொன்னார். இன்று நடுராத்திரியில், மொழி தெரியாத ஊரில், தனியாக நிற்கிறவன் எதைச் செய்வான்?

ஆகவே, படம் பிடித்த பிள்ளைகளுக்கு எங்கள் பதில் இது. பழைய லாரிக்கு மாலை போடுங்கள். அதைச் செய்த கைகளையும் ஓட்டிய கைகளையும் மறவாதீர்கள். திரும்பி வர வேண்டியது அந்தப் பக்கத்து ஆசனத்து ஆள்தான். சோற்றுக்கு ஏறிய சிறுவனாக அவன் வர வேண்டாம். முழுச் சம்பளம் வாங்கும் இரண்டாவது டிரைவராக வரட்டும். லாரி ஒன்றே ஒன்றானாலும், ஓட்டும் நேரத்துக்கும் தூங்கும் நேரத்துக்கும் கணக்கு வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் மில் வாசலில் பஞ்சு லாரி வந்து நிற்கும். உங்கள் களத்து மேட்டில் மஞ்சள் ஏற்ற லாரி வரும். மூட்டையில் கை வைக்கும் முன்னால் அந்த டிரைவரைப் பார்த்து, "எப்போது கடைசியாகத் தூங்கினீர்கள்? கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஏற்றி முடிக்கும்வரை நிழலில் ஒரு பாய் போட்டுக் கொடுங்கள். அவர் சொல்லும் பதிலை உங்கள் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். ஊர் ஊராக அந்தக் கேள்வி கேட்கப்பட்டால், கேட்க வேண்டியவர்கள் காதில் ஒருநாள் விழுந்தே தீரும்.

நேரம் ஆகிவிட்டது. போய்த் தூங்குங்கள் தோழர்களே. இந்த நேரத்தில் தொப்பூர்க் கணவாயில் எத்தனையோ பேர் தூங்காமல் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் தூங்க வேண்டும்.