பேர் சொல்லும் பிள்ளைக்கு என்ன பேர்?

(பங்கின் ஜூபிலி ஆயத்தமாக நடந்த பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஞானஸ்நானத்துக்காகக் குழந்தையைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவரும்போது, குருவானவர் கேட்கும் முதல் கேள்வி குழந்தையின் பெயரைப் பற்றியது. எண்ணெயும் தண்ணீரும் பிறகுதான் வருகின்றன. அந்த முதல் கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இளங்குருவாக வேறொரு கடற்கரைப் பங்கில் இருந்தபோது, ஏழைத் தம்பதியர் ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். மீனைப் போன்ற கண்ணுடையவள் என்று பொருள்படும் நல்ல தமிழ்ப் பெயரைச் சொன்னார்கள். "இது அர்ச்சிஷ்டவர் பெயர் இல்லையே" என்று சொல்லி, அன்றைய நாட்காட்டியில் இருந்த புனிதையின் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை.

ஆண்டுகள் பல கடந்து அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஞானஸ்நானச் சான்றில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர். இருவரும் ஒருவரே என்று சாட்சி வைத்து நிரூபிக்கவேண்டியதாயிற்று. அலைந்து களைத்த அவள் என்னிடம், "சாமி, கடவுள் என்னை எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்?" என்று கேட்டாள். "உன் அம்மா கூப்பிட்ட பேரைச் சொல்லித்தான், மகளே" என்றேன். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருச்சபை என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு கிறிஸ்தவப் பெயரை வற்புறுத்தியது உண்மைதான். ஆயினும் பெற்றோர் விரும்பிய பெயரோடு ஒரு புனிதர் பெயரையும் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுதலாம் என்று அதுவே இடமளித்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்போ, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்று மட்டுமே கேட்கிறது. மீனவர் மகளுக்கு மீனின் பெயர் எப்படி அந்நியமாகும்?

இன்று நிலைமை தலைகீழாக இருக்கிறது. கைப்பேசியில் தேடிய பெயர், எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டிய பெயர், வாயில் நுழையாத பெயர் எல்லாம் வருகின்றன. பொருள் என்ன என்று கேட்டால் தாய் தந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். தந்தை கைப்பேசியைப் பார்க்கிறார். பின்னால் நிற்கும் பாட்டி, "எங்க வீட்டுக்காரர் இராயப்பன் பேரை வைக்கக் கூடாதா?" என்று மெல்லக் கேட்கிறார். "பழைய பேர், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள்" என்று பதில் வருகிறது.

பிள்ளைகளே, அந்தப் பழைய பெயர்களை ஒருமுறை திறந்து பாருங்கள். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர். ஆகவே அவர் நமக்குச் சின்னப்பர். யோவான் என்றால் ஆண்டவர் அருள்கூர்ந்தார்; ஆகவே அருளப்பர். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் முடி, ஆகவே முடியப்பர். அந்திரேயா என்றால் ஆண்மையும் வலிமையும், ஆகவே பெலவேந்திரர். அந்நிய மொழிப் பெயரை அப்படியே சுமத்தாமல், அதன் பொருளை நம் முன்னோரின் காதுக்கு எட்டும் தமிழில் தந்தார்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தில் பேதுரு, யோவான், பவுல் என்றே படிக்கிறோம். அதனால் தாத்தாவின் பெயர் வேதாகமத்தில் இருக்கிறது என்பதே பல பேரப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றபோது, லாசர் என்னும் பெயர் தேவசகாயம் என்று தமிழில் இடப்பட்டது. கடவுளே துணை என்பது அதன் பொருள். சிறையிலும் சித்திரவதையிலும் அந்தப் பெயருக்கு ஏற்பவே வாழ்ந்து, 1752இல் காற்றாடி மலையில் இரத்தம் சிந்தினார். 2022 மே 15ஆம் நாள் உரோமையில் அந்தத் தமிழ்ப் பெயர் புனிதர் வரிசையில் வாசிக்கப்பட்டது.

நம் ஏரிக்கரைக்கு இன்னொரு உரிமையும் உண்டு. கலிலேயாக் கடல் என்பதும் ஓர் ஏரியே. ஆண்டவர் முதலில் அழைத்த இராயப்பர், பெலவேந்திரர், யாகப்பர், அருளப்பர் நால்வரும் வலைஞர்கள். அவர்களில் சீமோனுக்குப் பாறை என்று புதுப் பெயரிட்டவர் ஆண்டவரே. வலை பிடிக்கும் வீட்டில் அந்தப் பெயர்கள் ஒலிப்பதற்கு வெட்கப்படலாமா? பழவேற்காட்டில் மகிமை மாதா கோயில் கொண்டிருக்கிறாள். ஒரு குப்பமே நடுவூர் மாதா குப்பம் என்று அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெண் குழந்தைக்கு மகிமை என்று பெயரிட்டால் என்ன குறை?

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. பெயரை முடிவு செய்யுமுன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். புனிதர் பெயரானால் அவர் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அவர் திருநாளில் பூசைக்கு அழைத்து வாருங்கள். தமிழ்ப் பெயரானால் பொருள் அறிந்து வையுங்கள், நான் தடுக்கமாட்டேன். எதுவானாலும் எல்லா ஏட்டிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து இருக்கட்டும். பிறப்பை 21 நாட்களுக்குள் பதியவேண்டும். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேரவும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகையால் அந்தச் சான்றிதழோடு வாருங்கள். அதில் உள்ளபடியே ஞானஸ்நான ஏட்டிலும் எழுதுவேன்.

பெயர் சூட்டுவதில் வீட்டில் பிணக்கு வந்தால் எலிசபெத்தம்மாளை நினையுங்கள். உறவினர் எல்லாரும் தகப்பன் பெயரைச் சொல்ல, அவள் அருளப்பன் என்றாள். பேச்சிழந்த சக்கரியாசும் பலகையில் அதையே எழுதினார். உடனே அவர் நாவு கட்டவிழ்ந்தது. கணவனும் மனைவியும் ஒரே பெயரில் மனம் ஒத்த வீட்டில் தேவ துதி பிறந்தது.

கடலுக்குப் போனவன் கரை திரும்பத் தாமதமானால், கரையில் நிற்பவர்கள் அவன் பெயரைச் சொல்லித்தான் கூவுகிறார்கள், அவன் பெயரைச் சொல்லித்தான் செபிக்கிறார்கள். ஒரு நாள் ஆண்டவரும் அப்படியே நம்மைக் கரைக்கு அழைப்பார். அன்று நம் பிள்ளைகள் தங்கள் பெயரைக் கேட்டதும் அறிந்துகொள்ளட்டும்.

மகிமை மாதா உங்கள் மழலைச் செல்வங்களை ஆசீர்வதித்துக் காப்பாளாக. ஆமென்.