பெயர்ப்பலகையும் பிரசையுரிமையும்

(சட்டத்தரணி ஒருவர் பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பலகையில் எழுதிய நாலெழுத்துக்காக ஒரு போராட்டமா என்று சிலர் வினவுகின்றனர். ஆம் என்பதே என் விடை.

கமக்காரன் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை. கந்தோர் வாசலில் தொங்கும் பலகையையே பார்க்கின்றான். அதில் தன் மொழி இல்லையாயின், இவ்விடம் உனக்குரியதன்று என்று எவரும் வாய்திறவாமலே அவனுக்குக் கூறப்பட்டுவிடுகின்றது.

இத்தீவின் பொதுவிடங்களில் தமிழெழுத்து நேற்று வந்ததன்று. பொலன்னறுவையில் புத்தபிரானின் தந்தத்தாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை, 12ஆம் நூற்றாண்டிலே வேளைக்காரப் படையினர் தமிழிலேயே கல்லிற் பொறித்தனர். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ காலிக்குக் கொணர்ந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் உள்ளன. கடல் கடந்து வந்தவன் அறிந்திருந்த உண்மையை, 1956இல் நமது பாராளுமன்றம் அறிய மறுத்தது.

பின் நிகழ்ந்தது யாது? 1957இல் வாகன இலக்கத்தகடுகளிற் சிங்கள ‘ஸ்ரீ’ புகுத்தப்பட்டது. தமிழர் அதன்மேல் தார் பூசினர். 1958இல் கொழும்பிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டு சித்திரையில் பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. வைகாசியில் இரத்த ஆறு ஓடியது. எழுத்தை அழிக்கத் தொடங்கிய நாடு ஆளை அழிப்பதில் வந்து நின்றது! ஆதலின், பிறர் எழுத்தை அழிப்பது நம் வழியாகாது. நம் எழுத்துக்கு உரிய இடத்தைக் கேட்டுப் பெறுவதே வழி.

அதற்குச் சட்டம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. ‘தமிழும்’ என்ற அந்த ‘உம்’மைப் பெற 31 ஆண்டுகள் சென்றன. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் நாடெங்கும் நிருவாக மொழிகளாக்கியது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் முறைப்பாடுகளை விசாரிக்க அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைத்தது. ஆயினும், பொருளே மாறும்படி பிழையான தமிழ் எழுதிய பலகைகள் இன்றும் தொங்குகின்றன. பிழைத் தமிழ் எழுதுவது உரிமை வழங்குவதன்று. உரிமையை ஏளனஞ் செய்வதாகும்.

நம் குற்றத்தையும் மறைத்தலாகாது. நமது கடைத்தெருவிலே ஆங்கிலப் பலகை மட்டும் மாட்டிவிட்டு, அரசாங்கத்திடம் தமிழ் கேட்பது எவ்வாறு பொருந்தும்?

கமக்காரப் பெருமக்களே! நீங்கள் கண்ட பலகையின் இடத்தையும் திகதியையும் குறித்துத் தாருங்கள். கற்ற அன்பர்களே! அதனை முறைப்பாடாக எழுதி அனுப்புங்கள். சட்டம் தானே நடந்து வராது. நாம்தான் அதனை நடத்தி வரல் வேண்டும்.