செய்திக்கும் ஒரு தராசு

(சங்கத்தின் இளைஞர் பிரிவு நடத்திய குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

குடிமக்களின் பொறுப்பு, பத்திரிகையை நம்பலாமா என்ற கேள்வி, இரண்டையும் சேர்த்துப் பேசச் சொன்னார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். தேக்காவில் கடை வைத்திருப்பவன். கடைக்காரனுக்குத் தெரிந்த மொழியில் பேசுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நாளிதழ் கிடக்கும். அதைப் புரட்டுகிறவர்களில் யாராவது ஒருவர், "இவங்க எங்க உண்மையைப் போடப்போறாங்க?" என்று சொல்லாமல் போகமாட்டார். நானும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்வதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2023 ஜனவரியில் வெளிவந்த விவரம் உங்களுக்கு நினைவிருக்கும். நம் நாட்டின் பெரிய நாளிதழ்களை வெளியிடும் எஸ்பிஎச் மீடியா, 2020 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரை விற்பனை எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியிருந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக 85,000 முதல் 95,000 பிரதிகள் வித்தியாசம். நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரன் கிலோவுக்கு நூறு கிராம் குறைத்து நிறுத்தால் நாம் அவனை என்ன சொல்வோம்?

ஆனால் இதையும் கவனியுங்கள். அந்தத் தவறு உள்ளே நடந்த கணக்காய்வில்தான் பிடிபட்டது. பிறகு நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. "எல்லாம் பொய்" என்று கையை உதறிவிட்டுப் போனவர்களால் அது வெளியே வரவில்லை. எண்ணிப் பார்த்தவர்களாலும் கேட்டவர்களாலும் வந்தது.

பத்திரிகையின் தராசைப் பற்றி இவ்வளவு போதும். இனி என் தராசைப் பற்றிச் சொல்கிறேன். இதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அப்போது கடையை வாப்பா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அங்குலியா பள்ளிவாசலில் இஷா தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடையில் நான் மட்டும். மணி பத்து இருக்கும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மூச்சு வாங்க ஓடி வந்தார். "பாய், நம்ம ஆளு ஒருத்தன் பஸ்ஸுக்கு அடியில கிடக்கிறான். அவனை விட்டுட்டு டிரைவரை ஆம்புலன்ஸ்ல ஏத்துறாங்க" என்றார். அவர் கை நடுங்கியது. நான் ஷட்டரைப் பாதி இறக்கி, அவரை உள்ளே அரிசி மூட்டை மேல் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

அதுவரை சரி. அடுத்து என் கை கைத்தொலைபேசிக்குப் போனது. "தேக்காவில் பஸ் மோதி மூன்று பேர் மரணம். அடிபட்டவர்களை விட்டுவிட்டு டிரைவரைக் காப்பாற்றுகிறார்கள்" என்று நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர் சொன்னது ஒருவர். மூன்று என்பது சந்தில் ஓடியவர்களில் யாரோ கத்தியது. இரண்டையும் சேர்த்து எழுதியவன் நான். ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் செய்தி ஊரிலிருக்கும் என் மாமியிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. மூன்று, ஐந்தாகியிருந்தது. "தம்பி, நீ பத்திரமா இருக்கியா?" என்று மாமி கேட்டிருந்தார்கள்.

உண்மையில் அந்த விபத்தில் இறந்தவர் ஒருவர். ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷியர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தங்குவிடுதிக்குப் போகும் பேருந்தின் சக்கரத்தில் சிக்கிய கட்டுமான ஊழியர். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2014 பிப்ரவரியில் பொது விசாரணையைத் தொடங்கியது. 90க்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. ஜூன் 30ஆம் தேதி அதன் அறிக்கை வெளிவந்தது. மருத்துவ உதவியாளர்கள் அந்த ஊழியர் இறந்துவிட்டதை முன்பே உறுதிசெய்திருந்தார்கள். ஓட்டுநரையும் நேரக் கண்காணிப்பாளரான பெண்ணையும் அழைத்துப் போனது, கூட்டத்தின் தாக்குதலிலிருந்து அவர்களைக் காப்பதற்காக. அதைக் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டது. மதுவும் சேர்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்ட அவசர வாகனங்கள் சேதமடைந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட அதிகாரிகள் காயமடைந்தார்கள். காவல்துறையின் தொடர்பு ஏற்பாடுகளில் இருந்த குறைகளையும் அதே அறிக்கை எடுத்துச் சொன்னது.

தகவல் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும் என்று பொதுமக்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவில் குடியிருப்பவர்களும் கடைக்காரர்களும் போய்ப் பேசினார்கள். நான் போகவில்லை. "நமக்கு எதுக்கு வம்பு?" என்று கடையில் ஒருவர் சொன்னார். அந்த வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது. வம்பு வேண்டாம் என்று இருந்த நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "பத்திரிகைக்காரன் நடந்ததை எழுதமாட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 25 பேர் மீது வழக்கு நடந்தது. 57 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ 200 பேருக்குக் காவல்துறை அறிவுறுத்தல் கொடுத்தது. எங்கள் வாடிக்கையாளர் அதன்பின் கடைக்கு வரவில்லை. எண்ணுக்கு அழைத்தால் இணைப்பு இல்லை. ஒப்பந்தம் முடிந்து ஊர் போனாரா, வேறு வேலையிடத்துக்கு மாறினாரா, அந்த 57 பேரில் ஒருவரா, எதுவும் தெரியாது. ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். வாகனங்கள் எரிந்த நேரத்தில் அவர் என் கடையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். நள்ளிரவு தாண்டித்தான் அனுப்பினேன். அவருக்காக அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லவும் இல்லை.

சகோதரர்களே, பத்திரிகையால் தீமை வராது என்று நான் சொல்லவில்லை. நட்ரா கலவரம் என்று நம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் டிசம்பர் மாதம்தான், 1950இல். அமீனா என்ற முஸ்லிம் தாய் வளர்த்த டச்சுப் பெண் மரியா ஹெர்டோக்கைப் பெற்றோரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் கிறிஸ்தவக் கன்னியர் மடத்தில் இருந்தபோது எடுத்த படங்களை இங்குள்ள பத்திரிகைகள் வெளியிட்டன. முஸ்லிம்களின் மனம் கொதித்தது. டிசம்பர் 11 முதல் மூன்று நாள் கலவரத்தில் 18 பேர் உயிரிழந்தார்கள். 173 பேர் காயமடைந்தார்கள். பின்னர் விசாரித்த லீச் ஆணையம் அந்தப் படங்களையும் குறை சொன்னது.

இதில் மறுபக்கமும் உண்டு. அது நம் வீட்டுப் பக்கம். அன்று நட்ராவுக்காகக் குரல் கொடுத்த குழுவின் தலைவர் கரீம் கனி தமிழ் முஸ்லிம். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் ஆலோசகராக இருந்தவர், பத்திரிகை நடத்தியவர். அவருடைய பத்திரிகையின் எழுத்தும் சுல்தான் பள்ளிவாசலில் அவர் பேசிய பேச்சும் மக்களின் கோபத்தை வளர்த்தன. கலவரத்துக்குப் பிறகு அவர் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். அந்தத் தாயின் கண்ணீர் உண்மை. அவர் கேட்ட நியாயத்தில் மனம் கலங்காதவர் இருக்க முடியாது. ஆனால் தெருவில் இறந்த 18 பேருக்கும் அந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம்? எதிர்த்தரப்பின் பத்திரிகை என்றால் சந்தேகப்படுவதும், நம்முடையது என்றால் கண்ணை மூடி நம்புவதும் நேர்மையான தராசு ஆகாது.

பத்திரிகை வேண்டாம் என்று இணையத்துக்குப் போனாலும் இதே கதைதான். 2015 தைப்பூசத்தில் சிராங்கூன் சாலையில் ஒரு கைகலப்பு நடந்தது. மேளச் சத்தத்தைப் பற்றி ஒரு பிலிப்பினோ குடும்பம் புகார் கொடுத்ததால்தான் அது நடந்தது என்று 'தி ரியல் சிங்கப்பூர்' இணையத்தளம் பொய்யாக எழுதியது. அதை நடத்திய இருவரும் 2016இல் சிறைத்தண்டனை பெற்றார்கள். அதைப் படித்துப் பிலிப்பினோக்களைத் திட்டியவர்கள், பத்திரிகை மறைத்ததை இணையம் சொல்லிவிட்டது என்று நம்பியிருப்பார்கள்.

நமக்கு இதில் வழிகாட்டுதல் இல்லாமல் இல்லை. நம்பத்தகாதவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், இல்லாவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்துவீர்கள் என்ற கருத்தை ஹுஜுராத் அத்தியாயம் சொல்கிறது. இதை ஜும்ஆ உரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் பகரா அத்தியாயத்தில் கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இன்னொரு கட்டளை இருக்கிறது. சாட்சியத்தை மறைக்கக் கூடாது. மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்கு உள்ளாகிறது. வியாபாரிகளாகிய நமக்கு நேராகச் சொன்னது போல இருக்கும் அந்த இடத்தை ஓதும்போதெல்லாம் எனக்கு அந்த அரிசி மூட்டை ஞாபகம் வருகிறது.

2020 ஏப்ரலில் தங்குவிடுதிகளில் கொரோனா பரவியபோது எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு விடுதியில் மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை என்று ஒருவர் அழுதார். விரல் அனுப்பு பொத்தானுக்குப் போனது. பிறகு நிறுத்திவிட்டு, அதே விடுதியில் இருந்த வாடிக்கையாளர் ஒருவரை அழைத்துக் கேட்டேன். "சாப்பாடு வருது பாய். நேரம் தப்பி, ஆறிப்போய் வருது. வாய்க்குப் பிடிக்கலை. அதைவிட வீட்டுக்குப் பேச டாப்-அப் கார்டுதான் வேணும்" என்றார். பட்டினி என்பது பொய். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய். நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டதால் வேண்டியதை அனுப்ப முடிந்தது. நண்பர்கள் சிலர் சேர்ந்து டாப்-அப்பும் ஊறுகாயும் பிஸ்கட்டும் அனுப்பினோம்.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஒரு செய்தியை அனுப்புமுன் "இதைக் கண்ணால் பார்த்தவர் யார்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது உங்கள் கையோடு நிற்கட்டும். இரண்டாவது, நீங்களே பார்த்தவர் என்றால் வாயை மூடாதீர்கள். காவல் நிலையமோ, விசாரணைக் குழுவோ, நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்போ, போய்ச் சொல்லுங்கள். அதிலும் தனக்காகப் பேச அஞ்சும் வெளிநாட்டு ஊழியருக்காகச் சொல்லுங்கள். மூன்றாவது, பத்திரிகை தவறாக எழுதினால் திட்டிவிட்டுப் போகாமல், எது தவறு என்று ஆசிரியருக்கு எழுதுங்கள். 1887இலேயே இந்த ஊரில் 'சிங்கை நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தியவர் நம்மவரான மகதூம் சாயபு. அச்சுக்கூடம் வைத்துப் பத்திரிகை நடத்திய முன்னோரின் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதுவது பெரிய காரியமா?

நம் பிள்ளைகள் பத்திரிகையை நம்புவார்களா, மாட்டார்களா என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. அவர்கள் சொல்வதை நாலு பேர் நம்பும்படி அவர்கள் இருக்க வேண்டும். அதுதான் என் ஆசை.

அந்தத் தஞ்சாவூர்க்காரர் எங்கே இருந்தாலும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. தெரிந்த உண்மையைச் சொல்லும் துணிவை நம் எல்லோருக்கும் தருவானாக, ஆமீன்.