ரயிலும் ஜாதியும்



ரயில் வந்ததும் ஜாதி போய்விட்டது என்று சிலர் சொல்லுகிறார்கள். எல்லா ஜாதியாரும் ஒரே பலகையில் உட்கார்ந்து பிரயாணம் செய்யவில்லையா, பிறகு உங்கள் இயக்கத்துக்கு என்ன வேலை என்று நம்மைக் கேட்கிறார்கள். அந்த ரயில் எப்படி வந்தது, வந்து ஜாதியை என்ன செய்தது என்பதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்லலாமென்றிருக்கிறேன்.

இந்நாட்டில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் ஓடியது 1853-ஆம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி. பம்பாயிலிருந்து தாணா வரை 21 மைல். 14 வண்டிகள், இழுக்க 3 எஞ்சின்கள், ஏறினவர்கள் சுமார் 400 பேர். நம் பக்கத்தில் 1856 ஜூலை 1-ந் தேதி சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. மாட்டு வண்டியில் நாட்கணக்கில் போன தூரம் சில மணி நேரத்தில் முடிந்தது. இதற்கு மந்திரம் வேண்டியிருக்கவில்லை. நெருப்பும் தண்ணீரும் போதுமானதாயிருந்தன. நம் புராணங்களில் ஆகாயத்தில் பறக்க விமானம் உண்டு. தரையில் ஓட ஒரு ரயில் செய்ய எந்த ரிஷிக்கும் தோன்றவில்லை!

இது வெள்ளைக்காரன் தயவென்று நினைத்து விடாதீர்கள். ரயில் கம்பெனிகளின் பங்குக்காரர்களுக்கு நூற்றுக்கு 5 வட்டி நிச்சயம் என்று சர்க்கார் உறுதி கொடுத்தார்கள். லாபம் குறைந்தால் ஈடு கட்டியது இந்நாட்டு வரிப்பணம். நிலமும் இனாம். பங்கு லண்டனில், பாரம் குடியானவன் தலையில். பம்பாய்க்கும் பூனாவுக்கும் நடுவேயுள்ள போர் கணவாயில் 1856 முதல் 1863 வரை மலையைக் குடைந்து 25 குகைப்பாதைகள் போட்டார்கள். வேலை மும்முரமான காலத்தில் 40 ஆயிரம் பேருக்கு மேல் அங்கே உழைத்தார்கள். காலராவில் மடிந்த கூலிகள் எத்தனையோ பேர். அந்த மண்ணையும் கல்லையும் சுமந்தவர்களில் பலர் கீழ்ஜாதியென்று ஒதுக்கப்பட்டவர்கள்.

ஜாதி ஆசாரம் பார்க்கும் இந்த ஜனங்கள் ஒரே வண்டியில் ஏறுவார்களா என்ற சந்தேகம் வெள்ளைக்காரர் பலருக்கு முதலில் இருந்தது. கம்பெனிக்காரன் காசுக்குத் தக்கபடி வகுப்புப் பிரித்தானே ஒழிய, ஜாதிக்கொரு வண்டி வைக்கவில்லை. சமத்துவத்தின் மேலுள்ள ஆசையாலா? இல்லை, அப்படி வைத்தால் கட்டுபடியாகாது. வைதீகர்கள் என்ன செய்தார்கள்? ஏறினார்கள்! மாதக்கணக்கில் காசிக்கு நடந்தவர்கள் டிக்கட் வாங்கி மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனார்கள். இறங்கியதும் ஒரு முழுக்குப் போட்டால் தீட்டுப் போய்விடும் என்று அதற்கும் வழி கண்டுகொண்டார்கள். சாஸ்திரம் டிக்கட்டுக்கு இடம் விட்டது.

1853 ஆகஸ்டில் காரல் மார்க்ஸ் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார்: ரயிலைத் தொடர்ந்து இந்நாட்டில் இயந்திரத் தொழில் பரவும், பரம்பரைத் தொழில் பிரிவு கரையும், அதன் மேல் நிற்கும் ஜாதியும் ஆட்டங்காணும் என்ற கருத்தில். பெரிய அறிவாளி, தொழிலைப் பற்றி அவர் சொன்னதில் நியாயமுண்டு. ஆனால் ஜாதிக்குக் காவலாக நிற்கும் மதத்தை அவர் குறைவாக எடை போட்டார் என்பதே என் அபிப்பிராயம்.

அத்தாட்சி வேண்டுமா? ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதியைப் பாருங்கள். தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தவர்கள் பசிக்குச் சாப்பிட இறங்கினால் அங்கே ஒரு பக்கம் 'பிராமணாள்', மற்றொரு பக்கம் 'இதராள்' என்று போர்டு! வண்டியில் ஒட்டாத தீட்டு இலையில் ஒட்டுமாம். டிக்கட்டுக்கு இருவரும் கொடுத்தது ஒரே காசு. பாதை போட மண் சுமந்தவனுடைய பேரனோ, 'இதராள்' பக்கத்திலாவது தலைநிமிர்ந்து உட்கார முடிந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

எஞ்சின் இந்தப் போர்டைக் கழற்றவில்லை. பெரியாரும் தோழர்களும் விடாமல் கண்டித்துக் கிளர்ச்சி செய்த பிறகு, 1941-இல்தான் ரயில் நிலையங்களில் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. ராயபுரத்தில் ரயில் புறப்பட்டு அப்போது 85 வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகும் ஊருக்குள் ஓட்டல் வாசலில் 'பிராமணாள்' போர்டு தொங்கத்தான் செய்தது. அதை எடுக்கச் சொல்லி 1957-இல் சென்னையில் தோழர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போக வேண்டியிருந்தது.